ஈவ் டல்லாஸைக் கூடி வாசித்தல்: ‘இன் டெத்’ நாவல் வரிசையைக் குழுவாகப் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸ் ஜே. டி. ராப் என்ற புனைபெயரில் எழுதிவரும் ‘இன் டெத்’ வரிசை, 1995ஆம் ஆண்டு ஜூலை மாதம் ‘நேக்கட் இன் டெத்’ என்ற நாவலுடன் தொடங்கியது. அறுபதைத் தாண்டிய முழு நாவல்களும் இடையிடையே வெளிவந்த குறுநாவல்களும் சேர்ந்து, இன்று அது எதிர்காலத்தில் நிகழும் குற்றக்கதைகளின் மிக நீண்ட வரிசைகளுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. கதைக்களம் 2058ஆம் ஆண்டின் நியூயார்க். அந்நகரக் காவல்துறையின் கொலைப் புலனாய்வுப் பிரிவில் லெப்டினன்டாகப் பணியாற்றும் ஈவ் டல்லாஸ் அதன் மையப் பாத்திரம்.

இவ்வரிசையைத் தனியாக வாசித்து மகிழ்பவர்கள் ஏராளம். ஆனால் இது கூடிப் பேசும்போதுதான் முழுமையாகத் திறக்கும் படைப்பு என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு நாவலிலும் ஒரு வழக்கு தொடங்கி முடிந்துவிடுகிறது. ஈவின் கடந்தகாலமோ, ரோர்க்குடனான அவருடைய திருமணமோ, அவரைச் சுற்றிச் சிறிது சிறிதாகச் சேரும் நட்பு வட்டமோ எந்த நாவலிலும் முடிவதில்லை. எட்டாவது நாவலில் ஒரு பக்கத்தில் வந்துபோன செய்தி பதினெட்டாவது நாவலில் ஒரு குடும்பத்தையே உலுக்கும் அளவுக்குப் பெரிதாகலாம். அத்தனை இழைகளையும் ஒரே வாசகர் நினைவில் வைத்திருப்பது கடினம். எட்டுப் பேர் கூடினால் யாராவது ஒருவருக்கு அது நினைவிருக்கும். அப்படியொரு குழுவைத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் தளராமல் நடத்த விரும்புபவர்களுக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் எந்தக் கொலையாளியின் பெயரும் வராது. முதன்மைப் பாத்திரங்களின் வாழ்க்கைப் போக்கைப் பற்றி மட்டும் ஆங்காங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் படி: கதைக்குள் ஓடும் காலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

குழுவை நடத்துபவர் எல்லாவற்றுக்கும் முன்பு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இவ்வரிசையின் காலக்கணக்கு. வாசகர்களுக்கு முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கதைக்குள் ஏறத்தாழ நான்கு ஆண்டு எல்லைக்குள்தான் எல்லாம் நிகழ்கின்றன. முதல் நாவல் 2058 பிப்ரவரியில் தொடங்குகிறது. முப்பதாவது நாவலுக்கு வந்த பிறகும் கதைக்குள் மூன்று ஆண்டுகள் முடியவில்லை. ஒரு வழக்குக்கும் அடுத்த வழக்குக்கும் இடையே சில வாரங்கள், சில வேளைகளில் சில நாள்கள் மட்டுமே இருக்கின்றன.

இந்த ஒரு செய்தி பல விவாதங்களின் திசையை மாற்றிவிடும். “இத்தனை நாவல்கள் கடந்தும் ஈவுக்கு இன்னும் கெட்ட கனவுகள் வருகின்றனவே, ஆசிரியர் சொன்னதையே சொல்கிறார்” என்று குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். எட்டு வயதுவரை தந்தையின் கொடுமைக்கு ஆளாகி, டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் ஒரு சந்தில் எலும்பு முறிந்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட ஒரு குழந்தை, வளர்ந்து முப்பது வயதில்தான் அந்த நினைவுகளை எதிர்கொள்ளத் தொடங்குகிறார் என்பதையும், நாம் கேட்பது அதற்குப் பிந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளின் கதையைத்தான் என்பதையும் எடுத்துச்சொன்னால், அந்தக் குற்றச்சாட்டு வேறு வடிவம் எடுக்கும். நமக்குத் தாமதமாகத் தெரிவது அவருக்கு உண்மையில் மிக விரைவான மீட்சி. அந்த விரைவு நம்பும்படி இருக்கிறதா என்பதே அதன்பின் பேசத்தக்க கேள்வி.

அடுத்து, மனிதர்களின் ஒரு சிறு பட்டியலைப் புதியவர்களுக்குக் கொடுங்கள். டப்ளினின் வறிய தெருக்களிலிருந்து எழுந்து உலகின் பெருஞ்செல்வர்களில் ஒருவராக ஆன, ஒற்றைப் பெயர் கொண்ட ரோர்க். அவர் வீட்டை நிர்வகிக்கும், ஈவுடன் ஓயாமல் உரசும் சம்மர்செட். ஈவைப் பயிற்றுவித்தவரும் மின்னணுப் புலனாய்வுப் பிரிவின் தலைவருமான ஃபீனி. உதவியாளராக வந்து உடன்பிறவாத தங்கையைப் போல் ஆகிவிடும் டீலியா பீபாடி. உளவியல் மருத்துவர் மிரா. ஒருகாலத்தில் ஈவே கைது செய்த, பின்னர் அவருடைய நெருங்கிய தோழியான பாடகி மேவிஸ். செய்தியாளர் நடீன் ஃபர்ஸ்ட். முதல் நாவலிலேயே ஈவிடம் வந்து சேரும் கலஹாட் என்ற பூனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது யாருடைய பூனையாக இருந்தது என்பதை மறக்காத வாசகர்களுக்கு, பின்னால் அது படுக்கையில் சுருண்டு கிடக்கும் ஒவ்வொரு காட்சியும் சற்றுக் கனமாகவே இருக்கும்.

இரண்டாம் படி: வாசிப்பு வரிசையை முடிவுசெய்யுங்கள்

வெளியான வரிசையிலேயே வாசியுங்கள். இவ்வரிசையில் எந்த நாவலைத் தனியாக எடுத்தாலும் வழக்கு புரியும் என்பது உண்மைதான். ஆனால் இடையில் எங்கோ தொடங்கிய வாசகருக்கு, ரோர்க் தன் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஒரு சாம்பல் நிறப் பொத்தான் வெறும் பொத்தானாகவே தெரியும். முதல் நாவலில் அது ஈவின் ஆடையிலிருந்து கழன்று விழுந்ததைக் கண்டவருக்கோ அது திருமணத்தின் முழு வரலாறு.

எண்களில் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில பட்டியல்கள் குறுநாவல்களையும் சேர்த்து எண்ணுகின்றன, சில விட்டுவிடுகின்றன. முழு நாவல்களை மட்டும் எண்ணுவது எளிது. நானும் இங்கே அப்படியே எண்ணுகிறேன். 1998இல் வந்த ‘மிட்நைட் இன் டெத்’ என்ற குறுநாவலை ஏழாவது நாவலான ‘ஹாலிடே இன் டெத்’துக்கு அடுத்தே வாசித்துவிடுங்கள், இரண்டும் 2058ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டி நிகழ்பவை. 2003இல் வந்த ‘ரிமெம்பர் வென்’ தனிவகை. அதன் முதற்பகுதி நோரா ராபர்ட்ஸ் பெயரில் நம் காலத்தில் நிகழ்கிறது. இரண்டாம் பகுதி ஜே. டி. ராப் பெயரில் ஈவின் காலத்தில் அந்தக் கதையைத் தொடர்கிறது. ஒரே எழுத்தாளரின் இரு குரல்களையும் ஒரே நூலில் பக்கம் பக்கமாக வைத்துப் பேச இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. புனைபெயரின் கதையையும் அந்தக் கூட்டத்தில் சொல்லலாம். அவர் எழுதும் வேகத்துக்குப் பதிப்பகத்தால் ஈடுகொடுக்க முடியாத நிலையில்தான் இரண்டாவது பெயர் பிறந்தது; ஜே, டி என்ற எழுத்துகள் அவருடைய மகன்கள் இருவரின் பெயர்களிலிருந்து வந்தவை, ராப் என்பது ராபர்ட்ஸின் சுருக்கம்.

அறுபது நாவல்கள் என்றதும் தயங்கும் குழுக்களும் இருக்கும். மாதம் ஒன்று என்றாலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அத்தகைய குழுக்களுக்கு ஒரு குறும்பாதையைப் பரிந்துரைக்கிறேன். முதல் மூன்று நாவல்களையும் விடாமல் வாசியுங்கள். ஈவும் ரோர்க்கும் சந்திப்பதிலிருந்து திருமண ஏற்பாடுகள்வரை அவற்றில் இருக்கின்றன. பின்னர் ஆறாவதான ‘வெஞ்ஜன்ஸ் இன் டெத்’தில் ரோர்க்கின் டப்ளின் கடந்தகாலம் திரும்பி வருகிறது, மின்னணுப் பிரிவின் இளைஞர் மெக்நாபும் அதில்தான் அறிமுகமாகிறார். எட்டாவதான ‘கான்ஸ்பிரசி இன் டெத்’தில் ஈவின் காவல் அடையாளச் சின்னமே பறிக்கப்படுகிறது. அந்த வேலை இல்லையென்றால் ஈவ் யார் என்ற கேள்வியை வரிசை முதன்முறையாக நேருக்கு நேர் கேட்பது அங்கேதான்.

அடுத்து, ஈவ் தான் கண்டெடுக்கப்பட்ட நகருக்குத் திரும்பிச் செல்லும் பதினான்காவது நாவலான ‘ரீயூனியன் இன் டெத்’. ரோர்க் தன் தாயைப் பற்றிக் காலமெல்லாம் நம்பியிருந்தது பொய் என்று அறிகிற பதினாறாவது நாவலான ‘போர்ட்ரெய்ட் இன் டெத்’. கணவனும் மனைவியும் நீதியைப் பற்றி எதிரெதிர்த் திசைகளில் நிற்க நேர்கிற பதினெட்டாவது நாவலான ‘டிவைடட் இன் டெத்’. இம்மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்த கூட்டங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தொன்றாவதான ‘ஒரிஜின் இன் டெத்’தை வாசிக்காமல் முப்பத்துநான்காவதான ‘செலிப்ரிட்டி இன் டெத்’துக்குப் போகாதீர்கள், முன்னதில் நடந்த வழக்கை நடீன் நூலாக எழுத, பின்னதில் அது திரைப்படமாகிறது. இரண்டுக்கும் நடுவே, 2011இல் வந்த முப்பத்துமூன்றாவது நாவலான ‘நியூயார்க் டு டல்லாஸ்’ இந்தக் குறும்பாதையின் உச்சம். தலைப்பின் வழக்கமான வாய்பாட்டை அந்த நூல் மட்டும் ஏன் விட்டுவிடுகிறது என்பதையே அன்றைய முதல் கேள்வியாக வைக்கலாம்.

மூன்றாம் படி: யார் எதுவரை வாசித்தார்கள் என்பதற்கு ஓர் எல்லை வகுங்கள்

நீண்ட வரிசைகளைப் பேசும் குழுக்கள் உடைவதற்கு முதற்காரணம் கருத்து வேறுபாடு அன்று. முன்னால் வாசித்துவிட்டவர் ஒருவர் ஆர்வமிகுதியால் சொல்லிவிடும் ஒரு வாக்கியம் போதும். ஈவின் தாயைப் பற்றியோ, பிணக்கூறாய்வு மருத்துவர் மோரிஸின் வாழ்வில் நேரும் இழப்பைப் பற்றியோ முன்கூட்டியே கேட்டுவிட்ட புதிய வாசகருக்கு அந்த நாவல்களின் நெஞ்சதிர்வு என்றென்றைக்கும் கிடைக்காமல் போய்விடும். முதல் வாசிப்பு ஒருவருக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது. அதைக் காப்பது குழுவின் முதற்கடமை.

நடைமுறை எளிது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நாவலை எல்லையாக அறிவியுங்கள். அந்த நாவலின் கடைசிப் பக்கம்வரை எதையும் பேசலாம். அதற்குப் பின் வரும் எதையும், “இது பின்னால் முக்கியமாகும், பாருங்கள்” என்ற குறிப்பைக்கூட, பேசக்கூடாது. பலரும் தீங்கற்றது என்று எண்ணும் இந்தக் குறிப்புதான் உண்மையில் மிகுந்த கெடுதல் செய்கிறது. எந்தப் பாத்திரத்தின்மீது கண் வைக்க வேண்டும் என்று அது சொல்லிக்கொடுத்துவிடுகிறது. யார் யாரை மணக்கிறார், யார் பதவி உயர்வு பெறுகிறார், யாருக்குக் குழந்தை பிறக்கிறது என்பனவும் இந்த எல்லைக்கு உட்பட்டவையே. கொலையாளியின் பெயரை மறைத்துவிட்டு, பீபாடியின் வாழ்க்கையில் அடுத்து நடப்பதையெல்லாம் சொல்லிவிடும் பழக்கம் பல குழுக்களில் உண்டு. இவ்வரிசையில் அதுவே பெரிய இழப்பு.

எல்லா நூல்களையும் வாசித்து முடித்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு மூச்சுமுட்டும். அவர்களுக்காக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தனிக்கூட்டம் வையுங்கள்; அதற்கு வரக்கூடாதவர்கள் யார் என்பதை முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: மூன்று குறிப்பேடுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்

குழுவில் மூவர் ஆளுக்கொரு குறிப்பேட்டை ஏற்றுக்கொள்ளட்டும்.

முதலாவது வழக்குக் குறிப்பேடு. கொலை நடந்த நாள், இறந்தவர், சான்றுகள் கிடைத்த வரிசை, ஈவின் ஐயம் ஒருவரிடமிருந்து மற்றொருவர்மீது நகர்ந்த இடம் ஆகியவை இதில் வரும். ஈவ் தன் அலுவலகத்திலும் வீட்டிலும் கொலைப்பலகை ஒன்றை அமைத்து, இறந்தவரின் படத்தையும் ஐயத்துக்குரியவர்களின் படங்களையும் அதில் ஒட்டி வைத்து அதன் முன் நின்று யோசிப்பது வழக்கம். குழுவும் அப்படியொரு பலகையை வைத்துக்கொண்டால், நாவலின் நடுப்பகுதியில் நிறுத்தி, “இந்த இடத்தில் ஈவுக்கு என்னென்ன தெரியும், நமக்கு என்னென்ன தெரியும்” என்று ஒப்பிடலாம். பிந்தைய நாவல்கள் சிலவற்றில் கொலையாளி யாரென்பது பாதிக்கு முன்பே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கெல்லாம் கதையின் விசை, எப்படிப் பிடிபடுவார், அதற்குள் இன்னும் யார் இறப்பார் என்பதற்கு மாறிவிடுகிறது. எந்த வகை உங்கள் குழுவை அதிகம் ஈர்க்கிறது என்பது சில மாதங்களில் இந்தக் குறிப்பேட்டிலிருந்தே தெரியும்.

இரண்டாவது உலகக் குறிப்பேடு. 2058இன் நியூயார்க்கில் எது உண்டு, எது இல்லை, எது சட்டப்படி ஏற்கப்பட்டது, எது தடைசெய்யப்பட்டது என்பதெல்லாம் இதில் சேரும்.

மூன்றாவது மனிதர்கள் குறிப்பேடு. என் பார்வையில் இதுவே மிகப் பெரிய செல்வம். இதை ஏற்பவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். ஈவ் ஒருவரைத் தானாக முன்வந்து தொட்ட இடம், நன்றி சொல்லத் தடுமாறிய இடம், மிராவிடம் முதன்முறையாக உண்மையைச் சொன்ன இடம், சம்மர்செட்டைத் திட்டாமல் கடந்துபோன இடம் என்று சிறு சிறு அசைவுகளைப் பக்க எண்ணுடன் குறித்துவர வேண்டும். பத்து நாவல்கள் கழித்து அந்தக் குறிப்பேட்டை எல்லோர் முன்பும் வாசித்துக்காட்டினால், நகராமல் நின்றதாகத் தோன்றிய ஒரு மனிதர் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறார் என்பது தெரியும். ஈவ் தன் அலுவலகத்தில் ஒளித்துவைக்கும் சாக்லேட்டைத் திருடும் அடையாளம் தெரியாத கள்வர், துப்பறிவாளர் ஜென்கின்சனின் கண்ணைப் பறிக்கும் கழுத்துப்பட்டைகள் போன்ற தொடர் வேடிக்கைகளையும் இதிலேயே குறித்துக்கொள்ளலாம். இருண்ட வழக்குகளுக்கு நடுவே இந்த மனிதர்கள் எப்படித் தாங்கிநிற்கிறார்கள் என்பதற்கு அவையும் ஒரு விடை.

ஐந்தாம் படி: ஒரு கூட்டத்தை நடத்துங்கள் — முதல் நாவலை எடுத்துக்காட்டாகக் கொண்டு

ஆறு முதல் பத்துப் பேர், இரண்டு மணி நேரம், கூட்டத்துக்குக் கூட்டம் மாறும் நெறியாளர். ஏற்பாடு பற்றி இவ்வளவு போதும். எப்படிப் பேசுவது என்பதில்தான் கவனம் வேண்டும். ‘நேக்கட் இன் டெத்’தை எடுத்துக்கொள்வோம்.

நெறியாளர் இறந்தவரிலிருந்து தொடங்கட்டும். ஷாரன் டிபிளாஸ், வர்ஜீனியாவைச் சேர்ந்த செல்வாக்கு மிக்க செனட்டர் ஒருவரின் பேத்தி. உரிமம் பெற்றுப் பாலியல் தொழில் செய்துவந்தவர். அக்காலத்தில் அது சட்டம் ஏற்ற தொழில். துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டு, அரும்பொருள் சேகரிப்பாளர்களிடம் மட்டுமே எஞ்சியிருக்கும் காலத்தில், அவர் ஒரு பழைய துப்பாக்கியால் கொல்லப்படுகிறார். ஈவ் எப்போதும் இறந்தவரின் பக்கம் நிற்பவர். வழக்கு முடியும்போது ஷாரனைப் பற்றி நமக்கு என்ன தெரிந்தது, அவர் ஒரு மனிதராக நம் முன் நின்றாரா, அல்லது வழக்கின் தொடக்கப்புள்ளியாக மட்டும் இருந்தாரா என்று கேளுங்கள். பல குற்றநாவல்கள் தோற்கும் இடம் இது. இந்நாவல் தோற்கவில்லை என்பது என் கருத்து, ஆனால் குழுவில் மறுப்பவர்களுக்கும் வலுவான காரணங்கள் இருக்கும்.

அதன்பின் தொடக்கக் காட்சிக்குத் திரும்புங்கள். நாவல் தொடங்குவதற்கு முந்தைய இரவில், போதையில் தன் குழந்தையைக் கொன்ற ஒரு தந்தையை ஈவ் சுட்டு வீழ்த்தியிருக்கிறார். சில நொடிகள் முன்னால் சென்றிருந்தால் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. பணியில் ஓர் உயிரைப் பறித்த காவலர் கடுமையான உளவியல் சோதனைக்கு உட்பட்ட பிறகே பணிக்குத் திரும்பலாம் என்பது அவ்வுலகின் விதி. அந்தச் சோதனையை ஈவ் ஏன் அஞ்சுகிறார்? தான் செய்ததற்காக அஞ்சுகிறாரா, தன்னுள் மூடிவைத்திருப்பது வெளிவந்துவிடும் என்று அஞ்சுகிறாரா? வரிசை முழுவதற்குமான விதை இந்தக் கேள்வியில் இருக்கிறது. அரை மணி நேரம் இதற்கே ஒதுக்கினாலும் தகும்.

மூன்றாவதாக ரோர்க். ஷாரனின் இறுதிச்சடங்கில் ஈவ் அவரை முதலில் சந்திக்கும்போது அவர் ஐயத்துக்குரியவர்களின் பட்டியலில் இருக்கிறார்; பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவரும்கூட. அவர் ஈவுக்கு அனுப்பும் பரிசு உண்மையான காப்பி. செயற்கை மாற்றுப்பானங்களைக் குடித்துப் பழகிய உலகில் அது பெருஞ்செல்வர்களுக்கே கிட்டும் பொருள். ஐயத்துக்குரிய ஒருவருடன் புலனாய்வு அதிகாரி நெருங்குவது பணியறத்துக்கு உகந்ததா என்ற கேள்வியைக் காதல் கதையின் இனிமைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். ஈவே அதைத் தனக்குள் கேட்டுக்கொள்கிறார்; நாமும் கேட்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

கொலையாளி யார், எப்போது ஊகித்தோம் என்ற பேச்சைக் கடைசிக்கு வையுங்கள். அதில் தொடங்கினால் கூட்டம் அதிலேயே முடிந்துவிடும்.

ஆறாம் படி: கனமான பகுதிகளுக்கு ஆயத்தமாகுங்கள்

இவ்வரிசையின் நடுவில் இருப்பது ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமை. அது நினைவாகவும் கனவாகவும் மீண்டும் மீண்டும் வருகிறது. பல வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகளாகவோ பெண்களாகவோ இருக்கிறார்கள். குழுவில் சேர விரும்பும் ஒவ்வொருவருக்கும் இதை முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். கூட்டத்தில் யாரும் தம் சொந்த அனுபவத்தைச் சொல்லும்படி தூண்டப்படக்கூடாது. யாராவது எழுந்து வெளியே சென்றால் காரணம் கேட்கக்கூடாது. அத்தகைய காட்சிகளை உரக்க வாசிக்கக்கூடாது. ‘நியூயார்க் டு டல்லாஸ்’ போன்ற நாவலுக்கு முன் மீண்டும் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதில் சிறையிலிருந்து தப்பும் ஐசக் மெக்வீன், ஈவ் காவல்பணியில் புதியவராக இருந்தபோது கைது செய்த, சிறுமிகளைக் கடத்திவைத்திருந்த குற்றவாளி.

பேச வேண்டியதைப் பேசாமல் விடவும் கூடாது. ஈவ் எட்டு வயதில் தன் தந்தையைக் கொன்றுதான் உயிர்தப்பினார். அவர் கொலைப் புலனாய்வைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதற்கும் என்ன தொடர்பு, இறந்தவர் எவ்வளவு கொடியவராக இருந்தாலும் அவருக்காக நிற்பது ஏன் அவருக்கு அவ்வளவு இன்றியமையாததாக இருக்கிறது என்பதைப் பேசத்தான் வேண்டும். பதினைந்தாவது நாவலான ‘ப்யூரிட்டி இன் டெத்’ இதற்கு மிகப் பொருத்தம். குழந்தைகளுக்குத் தீங்கிழைத்தவர்களைக் கணினிவழிப் பரவும் தொற்றால் கொல்லும் ஒரு கூட்டத்தை ஈவ் துரத்துகிறார். நகர மக்களில் பலர் கொலையாளிகளைக் கொண்டாடுகிறார்கள். ஈவைவிட அந்தக் கொண்டாட்டத்துக்குக் காரணம் உள்ளவர் யாரும் இல்லை. ஆனாலும் அவர் மறுக்கிறார். இந்த மறுப்பு சட்டத்தின்மீதான பற்றா, தன்னைக் காத்துக்கொள்ளும் வழியா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே கூட்டத்தில் முடியாத விவாதம் இது.

ஏழாம் படி: எதிர்காலத்தை அளந்து பாருங்கள், ஆனால் மதிப்பெண் போடாதீர்கள்

1995இல் ஓர் எழுத்தாளர் கற்பனை செய்த 2058, நமக்கு ஒவ்வோர் ஆண்டும் நெருங்கி வருகிறது. அவ்வுலகின் வரலாற்றில் நகர்ப்புறப் போர்கள் என்று அழைக்கப்படும் பேரழிவு, 21ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. நாம் அந்த ஆண்டுகளை ஏற்கெனவே கடந்துகொண்டிருக்கிறோம். சம்மர்செட் அப்போரில் மருத்துவப் பணி செய்தவர். ஆசிரியர் பிற்கால நாவல்களிலும் இந்த வரலாற்றை மாற்றியெழுதவில்லை. ஆகவே இன்று வாசிப்பவருக்கு இது வரப்போகும் உலகமாக இல்லாமல், நமக்கு இணையாக ஓடும் வேறோர் உலகமாகத் தோன்றுகிறது.

கையடக்கத் தொடர்புக்கருவியில் முகம் பார்த்துப் பேசுவது, சமைத்துக்கொடுக்கும் இயந்திரம், மனித உருவ எந்திரங்கள், வேற்றுக்கோள் விடுதிகள் என்று எது பலித்தது, எது பலிக்கவில்லை என மதிப்பெண் போடும் விளையாட்டில் குழுக்கள் எளிதில் இறங்கிவிடும். ஒரு கால்மணி நேரம் அது இனிக்கும். அதைவிட ஆழமான வினாக்கள் அவ்வுலகின் சட்டங்களில் இருக்கின்றன. துப்பாக்கி இல்லாத நியூயார்க்கிலும் கொலை குறையாமல் இருப்பதாகக் காட்டுவதன் பொருள் என்ன? பாலியல் தொழிலை உரிமத்துக்குள் கொண்டுவந்த சமூகத்தில், அதே உரிமம் பெற்ற சார்லஸ் மன்ரோ போன்றவர் மதிப்புடன் வாழ்கிறார், ஷாரன் கொல்லப்படுகிறார். உரிமம் யாரைக் காக்கிறது? அரசின் கணினிக் கண்காணிப்புக்குத் தப்பும் பதிவுசெய்யப்படாத கருவிகளை ரோர்க் தன் வீட்டில் ஒரு பூட்டிய அறையில் வைத்திருக்கிறார். சட்டத்தின் வாயில் மூடப்படும்போது ஈவும் அங்கே போய் நிற்கிறார். அவ்வறைக்குள் ஈவ் நுழையும் ஒவ்வொரு முறையையும் உலகக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். எந்தக் காரணத்துக்காக நுழைகிறார், அதற்குப் பின் தன் மனத்துடன் எப்படிச் சமாதானம் செய்துகொள்கிறார் என்பது நாவலுக்கு நாவல் மாறுகிறது.

‘டிவைடட் இன் டெத்’ இந்த இழையின் உச்சம். சிறுமி ஈவுக்கு நடந்ததை அறிந்தும் ஓர் அரசு அமைப்பு தலையிடவில்லை என்பது ரோர்க்குக்குத் தெரியவருகிறது. அவர் கேட்பது பழி. ஈவ் கேட்பது அவர் பழிவாங்காமல் இருப்பது. தீங்கு நேர்ந்தவர் ஒருவர், சினம் கொள்பவர் மற்றொருவர். அந்தச் சினத்தின்மீது உரிமை யாருக்கு? நான் அறிந்தவரை, இவ்வரிசையில் திருமணத்தைப் பற்றிய மிக நேர்மையான பக்கங்கள் அந்த நாவலில்தான் இருக்கின்றன.

எட்டாம் படி: குறைகளையும் அன்புடன் பேசுங்கள்

நீண்ட வரிசையை நேசிப்பவர்கள் அதன் குறைகளைப் பேசத் தயங்குவார்கள். தயங்க வேண்டியதில்லை. ரோர்க்கின் செல்வம் பல இடர்களை மிக எளிதாகத் தீர்த்துவிடுகிறது. தேவைப்படும் கட்டடம், விடுதி, நிறுவனம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் அவருக்கே சொந்தமாக இருக்கிறது. ஈவுக்கும் சம்மர்செட்டுக்கும் இடையிலான சொற்போர் சில நாவல்களில் கடமைக்காக வந்துபோகிறது. காதல் காட்சிகள் சிலருக்கு மிகுதியாகத் தோன்றும், சிலருக்கு அவையே வரிசையின் உயிர். இவற்றைச் சொல்பவரை வரிசையின் எதிரியாகக் கருதக்கூடாது. பக்க எண்ணைச் சுட்டிப் பேசும்படி மட்டும் கேளுங்கள்.

2018இல் வந்த நாற்பத்தாறாவது நாவலான ‘டார்க் இன் டெத்’தை ஒவ்வொரு குழுவும் ஒருநாள் எடுத்துக்கொள்ள வேண்டும். குற்றநாவல் வரிசை ஒன்றின் கதைகளை அப்படியே நிகழ்த்திக் கொலை செய்பவர் ஒருவரை ஈவ் அதில் துரத்துகிறார்; அந்த வரிசையை எழுதியவரே ஈவைத் தேடிவந்து எச்சரிக்கிறார். வாசகருக்குப் படைப்பின்மீது எவ்வளவு உரிமை உண்டு, பாத்திரங்களை நம் விருப்பப்படி நடக்கச்சொல்லி எழுத்தாளரிடம் கேட்பது எங்கே எல்லை மீறுகிறது என்று பேச, ஒரு வரிசையின் வாசகர்கள் கூடியிருக்கும் அறையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஒன்பதாம் படி: புதிய நூல்கள் வரும்போது

பல ஆண்டுகளாக ஆண்டுக்கு இரண்டு நாவல்கள் வருகின்றன. அண்மைக்காலத்தில் அவை பெரும்பாலும் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் வெளியாகின்றன. வெளியான நாளிலேயே விடிய விடிய வாசித்து முடிப்பவர்களும், நூலகப் படிக்காகக் காத்திருப்பவர்களும், ஒலிநூலில் கேட்பவர்களும் ஒரே குழுவில் இருப்பார்கள். ஒலிநூல்களைத் தொடர்ந்து வாசித்துவருபவர் சூசன் எரிக்சன். பீபாடியின் குரலையும் ரோர்க்கின் ஐரிஷ் ஒலிப்பையும் அவர் வழியாகவே மனத்தில் பதித்துக்கொண்டவர்கள், அச்சில் வாசித்தவர்களைவிடச் சில காட்சிகளை வேறுவிதமாக உணர்ந்திருப்பார்கள். அந்த வேறுபாட்டையும் பேச்சில் கொண்டுவாருங்கள்.

புதிய நாவல் வெளியான நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குக் குழுவில் அதைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை என்று விதி வையுங்கள். அந்த ஆறு வாரங்களில் வழக்கமான கூட்டம், நடந்துகொண்டிருக்கும் பழைய நாவலுடனேயே தொடரட்டும். புதிய நாவலுக்கான கூட்டத்தைத் தனியாக அறிவித்து, அதற்கு முந்தைய வாரம் மனிதர்கள் குறிப்பேட்டை வைத்திருப்பவர், அதில் வரக்கூடிய பாத்திரங்களின் பழைய குறிப்புகளை எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். இடையில் குழுவில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் எல்லை பொருந்தாது என்பதால், அவர்களுக்கு அதே வாரத்தில் முதல் மூன்று நாவல்களைப் பற்றிய ஒரு தனி அமர்வை மூத்த உறுப்பினர் ஒருவர் நடத்தட்டும்.